விம்பிள்டன் ஜூனியர்ல நம்ம இந்தியப் பசங்க ஆடுறத எப்படி ஃபாலோ பண்றது?

டிவிய நம்பாதீங்க, ஜூனியர் மேட்ச் பெரும்பாலும் வெளி கோர்ட்லதான் நடக்கும். விம்பிள்டன் ஆப்ல லைவ் ஸ்கோர் இருக்கு, அதுல ஜூனியர் டிராவை (யார் யாரோட ஆடுறாங்கன்ற பட்டியல்) திறந்து IND கொடி தேடுங்க, முதல் வாரம் முடியுற சனிக்கிழமை வாக்குல இவங்க ஆட்டம் ஆரம்பிக்கும்.

ஆனா அதுக்கு முந்தின வாரமே லண்டன் ரோஹாம்ப்டன்ல ஒரு புல்தரை ஜூனியர் போட்டி நடக்கும் பாருங்க, அத விட்றாதீங்க, ஏன்னா நம்ம பசங்க வருஷம் முழுக்க ஹார்டு கோர்ட்லயும் (சிமெண்ட் மாதிரி கெட்டித் தரை) களிமண்லயும்தான் ஆடுறாங்க, புல்லுல பந்து எகிறாம வழுக்கிட்டு கீழயே வரும், முட்டி மடக்கி ஆடப் பழகவே நாலஞ்சு நாள் ஆகும், அங்க யார் சீக்கிரம் செட் ஆகுறான்னு பாத்தாலே பாதி தெரிஞ்சிடும். மழை வந்தா ஷெட்யூல் தலைகீழாயிடும், அது வேற கதை.

சிங்கிள்ஸ்ல தோத்துட்டான்னு ஆப்ப மூடிடாதீங்க. 2003ல சானியா மிர்சா ஜெயிச்சது டபுள்ஸ்தான், 2015ல சுமித் நாகலும் வியட்நாம் பையனோட சேந்து டபுள்ஸ்தான்.

பாய்ஸ் சிங்கிள்ஸ்ல ஜெயிச்ச நம்ம ஆளுங்க: 1954ல ராமநாதன் கிருஷ்ணன், 1979ல அவர் மகன் ரமேஷ், 1990ல லியாண்டர் பயஸ். அப்பாவும் மகனும் நம்ம சென்னைக்காரங்க, பயஸும் இங்க அமிர்தராஜ் அகாடமில பழகினவர்தான். 2021ல ஜெயிச்ச சமீர் பானர்ஜி அமெரிக்காவுக்கு ஆடுற பையன், அத நம்ம கணக்குல சேக்காதீங்க.