முற்றத்துக்கு சிமெண்ட் போடலாமா?

கேள்வி: கோலாலம்பூர், செந்தூலில் எங்களுடையது மாடியில்லாத வரிசை வீடு; மேற்குப் பார்த்த வாசல். இரவிலும் வெக்கை தாங்கவில்லை. போன ஆண்டு இரண்டு முறை மழைத்தண்ணீர் கூடம் வரை வந்துவிட்டது. முன்முற்றத்து மண்ணை மூடி சிமெண்ட் போட்டு, இரண்டு அறைகளுக்கும் ஏசி வைத்து, பணம் மிஞ்சினால் சோலார் பொருத்தலாம் என்கிறான் மகன். எதை முதலில் செய்வது?

பதில்: சிமெண்ட் வேண்டவே வேண்டாம், அம்மா. ஏசி கொஞ்சம் பொறுக்கட்டும். முதல் பெரிய செலவு கூரைக்கும் அந்த மேற்குச் சுவருக்கும் போகட்டும்.

இன்றிரவு ஒன்பது மணிக்கு வாசல் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சுடும். பிற்பகல் முழுக்கச் செங்கல் குடித்த வெயில், நீங்கள் படுக்கும் நேரத்தில்தான் உள்ளே இறங்குகிறது. இப்போதே ஏசி வைத்தால், விடிய விடிய அது அந்தச் சுவரோடு மல்லுக்கட்டும். அதற்கான மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியையும் எரிவாயுவையும் எரித்து வருகிறது. உங்கள் அறையிலிருந்து ஏசி இழுக்கும் சூட்டைப் பின்சந்தில், அடுத்த வீட்டுச் சன்னலருகே கொட்டுகிறது. அவர்களும் ஏசி வாங்குவார்கள்.

ஓடுகளுக்கு அடியில் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் அலுமினியத் தாளும், உள்கூரைக்கு மேலே கண்ணாடியிழை மெத்தையும் போடச் சொல்லுங்கள். வாசலில் ஒரு பந்தல். அவரையோ புடலையோ ஏறட்டும். இதற்குப் பிறகும் வேண்டுமென்றால், படுக்கையறைக்கு மட்டும் ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏசி ஒன்று போதும். சோலார் நல்லதுதான். ஆனால் மின்தேவையைக் குறைத்த பிறகு வாங்கினால் சிறிய அளவே போதும்.

இனி முற்றம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் முற்றம் 36 சதுர மீட்டர் என்று வையுங்கள். மாலை இடிமழை ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 1,800 லிட்டர். சிமெண்ட் தரையில் அது முழுவதும் விழுந்த சில நிமிடங்களில் கால்வாய்க்கு ஓடும். உங்கள் வரிசையில் 40 வீடுகளும் அப்படியே செய்தால் 72,000 லிட்டர், ஏற்கெனவே நிரம்பி வழியும் அதே கால்வாய்க்கு. கோலாலம்பூரில் 2007-இல் திறந்த 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கம் ஆற்று வெள்ளத்தைத் திசைதிருப்பும். உங்கள் தெருக் கால்வாயை அதனால் காப்பாற்ற முடியாது. மழைநீரை விழுந்த இடத்திலேயே தடுத்து நிறுத்துங்கள் என்று மலேசிய வடிகால் துறையின் கையேடு 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. போதாக்குறைக்கு, உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 8 விழுக்காடு சிமெண்ட் தயாரிப்பினால் வருகிறது.

கார் சக்கரத்துக்கு இரண்டு பட்டைகள் மட்டும் கல் பாவுங்கள், நடுவில் புல். நம் களிமண் எல்லா நீரையும் உறிஞ்சிவிடாது, அதனால் ஓர் ஓரத்தில் சரளைக்கல் நிரப்பிய குழி தோண்டுங்கள். மழைநீர்ப் பீப்பாய் வைப்பது செடிகளுக்கு உதவும், வெள்ளத்தைத் தடுக்காது. வைத்தால் கொசுவலை போட்டு மூடுங்கள், டிங்கி நினைவிருக்கட்டும்.

தெருவிலிருந்து வரும் தண்ணீரை உங்கள் புல்தரை மட்டும் தடுத்துவிடாது. குளியலறைக் குழாய்வழியே கழிவுநீர் திரும்பி ஏறாமல் ஒருவழி வால்வு பொருத்துங்கள். போன வெள்ளத்தின் கறை சுவரில் இன்னும் தெரிகிறதா? அதன் மீது சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, அதற்கு ஒரு முழம் மேலே சுவரிலுள்ள எல்லா பிளக் பாயிண்டுகளையும் ஏற்றச் சொல்லுங்கள். இந்த வேலையைக் கூரைக்கு ஆள் வருமுன் முடித்துவிடுங்கள்.