குழந்தையின் வலி: எப்படி அளப்பது, எவ்வளவு மருந்து கொடுப்பது?

என் மகனுக்கு ஒன்றேகால் வயது, எடை 10 கிலோ. குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். அவன் அழுவது வலியிலா, பசியிலா என்றே புரியவில்லை. வாய் பேசாத பிள்ளையின் வலியை எப்படித் தெரிந்துகொள்வது?
வாசகி, தென்காசி

முதலில் பால் கொடுத்து, ஈரத்துணி மாற்றி, தூக்கி வைத்துப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மருத்துவமனைகளில் பயன்படும் ‘ஃபிளாக்’ அளவுகோல் உதவும். 2 மாதம் முதல் 7 வயது வரை பொருந்தும். பிள்ளை விழித்திருக்கும்போது இரண்டு, மூன்று நிமிடம் பார்த்து, ஐந்து விஷயங்களுக்கு 0, 1, 2 என மதிப்பெண் போட வேண்டும்.

முகம் இயல்பாக இருந்தால் 0, அவ்வப்போது சுளித்தால் 1, தாடை இறுகி மோவாய் நடுங்கிக்கொண்டே இருந்தால் 2. கால் தளர்வாக இருந்தால் 0, விறைப்பாக இருந்தால் 1, உதைத்தாலோ வயிற்றோடு மடக்கிக்கொண்டாலோ 2. உடல் அமைதியாக இருந்தால் 0, நெளிந்தால் 1, வில்லாக வளைந்தாலோ விறைத்தாலோ 2. அழுகை இல்லையென்றால் 0, முனகினால் 1, விடாமல் வீறிட்டால் 2. நிம்மதியாக இருந்தால் 0, அணைத்தால் தேறினால் 1, எதற்கும் தேறாவிட்டால் 2.

கூட்டுத்தொகை 0 என்றால் வலியில்லை, 1 முதல் 3 வரை லேசான வலி, 4 முதல் 6 வரை நடுத்தரம், 7 முதல் 10 வரை கடுமை. மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து மறுபடி மதிப்பெண் போட்டுப் பாருங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். எண் இறங்காவிட்டால் டாக்டரிடம் பேச வேண்டும். அழாமல், அசையாமல் சுருண்டு கிடக்கும் பிள்ளைக்கும் வலி இருக்கலாம். அசைந்தால் வலிக்கும் என்பதால்தான் அசையாமல் கிடக்கிறது.

ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் இரண்டு நாள், எழுதிக்கொடுத்த மருந்தை வேளை தவறாமல் கொடுங்கள். வலி ஏறிய பிறகு அடக்குவது கடினம். காயத்தில் சிவப்பு, சீழ், காய்ச்சல், மீண்டும் வீக்கம், தொடர் வாந்தி இருந்தால் உடனே கூட்டிப் போங்கள்.

பாராசிட்டமால் சொட்டு மருந்தும் இருக்கிறது, சிரப்பும் இருக்கிறது. எதை எவ்வளவு கொடுப்பது?
வாசகர், திண்டுக்கல்

வயதை வைத்து அல்ல, எடையை வைத்து. ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். வேளைகளுக்கு இடையே குறைந்தது 4 மணி நேரம். 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். 10 கிலோ பிள்ளைக்கு அதிகபட்சம் 150 மி.கி. அது 5 மில்லியில் 120 மி.கி. உள்ள சிரப்பில் சுமார் 6 மில்லி, 250 மி.கி. சிரப்பில் 3 மில்லி, ஒரு மில்லியில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லிதான். சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால் 500 மி.கி. உள்ளே போய்விடும்! பாட்டிலில் உள்ள எண்ணை ஒவ்வொரு முறையும் படியுங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சால் அளங்கள். சளி மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்துக் கல்லீரலைக் கெடுத்துவிடாதீர்கள்.

ஐபுப்ரோஃபென் என்னும் வலி மருந்து கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி., 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஏதாவது சாப்பிட்ட பிறகு. டெங்கு சந்தேகம், அம்மை, வாந்தி பேதியால் நீர்ச்சத்துக் குறைவு இருந்தால் கூடாது. மெஃபனமிக் அமிலமும் அதே வகைதான். வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கிய ஆஸ்பிரின், நிமசுலைடு, டிரமடால், கோடீன் எதையும் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். சில குழந்தைகளின் உடல் கோடீனை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும், மூச்சே அடங்கிவிடக்கூடும்.

ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போகிறோம். பச்சைப் பிள்ளைக்கு வலி தெரியாது, நாக்கில் தேன் தொட்டு வைத்தால் போதும் என்கிறார் என் மாமியார். சரியா?
வாசகி, மன்னார்குடி

வலி நன்றாகவே தெரியும். தெரியாது என்ற நம்பிக்கையால் ஒரு காலத்தில் டாக்டர்களே பச்சிளம் குழந்தைகளுக்குப் போதிய மயக்க மருந்தின்றி அறுவை சிகிச்சை செய்தார்கள். 1987இல் கே.ஜே.எஸ். ஆனந்தும் சக ஆய்வாளர்களும் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதிய ஆய்வு அந்த வழக்கத்தை அசைத்தது.

இனிப்பு வலியைக் குறைக்கும் என்பது உண்மை. அந்த அளவில் மாமியார் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆனால் ஒரு வயதுக்குள் தேன் கூடாது. அதிலுள்ள கிருமி தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பாட்டுலிசம் என்னும் நோயைத் தரலாம். தாய்ப்பாலே போதும். ஊசிக்குச் சில நிமிடம் முன்பே மார்பில் போட்டு, ஊசி போடும்போதும் பிறகும் குடிக்க விடுங்கள். படுக்க வைத்து அமுக்கிப் பிடிக்காமல் மடியில் அணைத்தபடி தொடையைக் காட்டுங்கள். முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுப்பது ஊசி வலியைக் குறைக்காது. பிறகு காய்ச்சல் வந்தால் சுகாதார நிலையத்தில் சொன்ன அளவில் கொடுங்கள்.

9 வயது மகன் பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் வயிற்று வலி என்கிறான். நடிக்கிறானா?
வாசகர், ஓசூர்

நடிப்பு என்று முடிவுகட்டாதீர்கள். பயத்தால் வரும் வலியும் வலிதான். 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாதது என்று சொல்லி, அவனையே எண் சொல்லச் சொல்லுங்கள். நேரம், இடம், சாப்பாடு, மலம் கழித்தது எல்லாவற்றையும் இரண்டு வாரம் குறித்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். பள்ளிக் கழிப்பறைக்குப் போகாமல் அடக்கி, மலச்சிக்கலாகி வலிப்பது மிகச் சாதாரணம்.

தொப்புளைச் சுற்றி வந்து போகும் வலி பெரும்பாலும் ஆபத்தில்லாதது. வலி வலது அடிவயிற்றுக்கு நகர்ந்தாலோ, தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, பச்சை வாந்தி, மலத்தில் இரத்தம், எடைக்குறைவு இருந்தாலோ காத்திருக்க வேண்டாம். ஆண் பிள்ளைகள் வெட்கத்தில் விதைப்பை வலியையும் ‘வயிற்று வலி’ என்றே சொல்வார்கள். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். திடீரென்று வலி வந்தால் அங்கேயும் பாருங்கள்.