கன நாளா ரத்தம் போகுது, கிளினிக்குக்குப் போனா கர்ப்பப்பையை எடுத்துப்போடுவினமோ?

கேட்ட தங்கச்சி சொன்னது சுருக்கமா இதுதான்: வயது 42, ஒட்டுசுட்டான் பக்கம், மூண்டு பிள்ளையள், ஒரு வருசமா மாதவிலக்கு வந்தா எட்டு நாள் பத்து நாள் எண்டு போகுது, கட்டி கட்டியா விழுது. சொந்தக்காரர் "பெரியாஸ்பத்திரிக்குப் போனா கர்ப்பப்பையை எடுத்துப்போடுவாங்கள்" எண்டு வெருட்டினம், அங்க இருக்கிறது ஆம்பிளை டொக்டராம், அதால வெக்கமாவும் இருக்கு, போறதோ விடுறதோ எண்டு கேட்டிருக்கிறா.

போங்கோ தங்கச்சி. இந்த மாதமே போங்கோ.

நான் டொக்டர் இல்லை, வன்னியில ஒரு ஆஸ்பத்திரியில பெண்நோயியல் கிளினிக்கில தாதியா கனகாலமா நிக்கிறன். விஓஜிக்கு, அதாவது பெண்நோயியல் விசேட டொக்டருக்குப் பக்கத்தில நிண்டு பாத்ததை வச்சுத்தான் எழுதுறன். உங்களை மாதிரிப் பிரச்சினையோட வாறவையில பெரும்பாலானவை குளிசையோடதான் வீட்டை போகினம். ஒப்பரேசன் வரைக்கும் போறவையில கனபேர் ரெண்டு மூண்டு வருசம் பயத்திலயே இழுத்தடிச்சுப்போட்டு, இனி ஏலாது எண்ட நிலையில வந்தவை. அந்தப் பயத்தை ஊட்டி விடுற சொந்தக்காரரில எனக்கு உண்மையிலயே கோவம் வாறது, ஏனெண்டா அவையின்ர கதையைக் கேட்டு நிண்டவையைத்தான் நாங்கள் பிறகு ட்ரொலியில ஏத்துறம்.

எவ்வளவு போனா கூட எண்டு முதல் விளங்கிக்கொள்ளுங்கோ. ஏழு நாளைத் தாண்டிப் போனா, பத்து ரூபாக் குத்தியை விடப் பெரிய கட்டியள் விழுந்தா, ஒரு பாட் ரெண்டு மணித்தியாலம் கூடத் தாங்காம நனைஞ்சா, ராவில பாயில படுமோ எண்டு எழும்பி எழும்பிப் பாக்க வேண்டி வந்தா, அந்த நாளில கோயில் கடை தண்ணி எடுக்கப் போறது எல்லாத்தையும் நிப்பாட்டுறியள் எண்டா, அது கூடத்தான். "எங்கட அம்மாவுக்கும் இப்பிடித்தான்" எண்டு சொல்லுறவை இருக்கினம், அம்மாவும் பாவம் அப்பிடியே தாங்கிக்கொண்டு திரிஞ்சிருப்பா, அதால அது சரியெண்டு ஆகாது.

எங்கட பக்கத்தில தாங்கிறதுக்குக் காரணமும் இருக்கு, எனக்கு விளங்காமலில்லை. 2009க்குப் பிறகு புருசன் இல்லாமத் தனிய நிண்டு பிள்ளையளை வளத்த பொம்பிளையள் எத்தினை பேர், கூலி வேலைக்குப் போகாட்டி அண்டைக்கு அடுப்பில்லை, காமென்ட்ஸில, அதாவது உடுப்புத் தைக்கிற ஃபக்டரியில நிக்கிற பிள்ளையளுக்கு லீவு எடுத்தா சம்பளத்தில கை வைப்பினம், கிளினிக் எண்டா விடிய வெளிக்கிட்டுப் பின்னேரம்தான் திரும்பலாம். அப்பிடி ஒரு அக்கா வந்தவ, கச்சான் பிடுங்கிற சீசன் முடியட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தவவாம். கதிரையில இருக்கச் சொல்லிப்போட்டு கீழ் இமையை இழுத்துப் பாத்தன், உள்ளுக்குச் சிவப்பே இல்லை, கடதாசி மாதிரி வெள்ளை. நகமும் அப்பிடித்தான். ஓபிடியில இருந்து கிளினிக் வரைக்கும் நடந்து வந்ததுக்கே இளைச்சுக்கொண்டு இருந்தா. எச்பி, அதாவது ரத்தத்தில இருக்கிற ஹீமோகுளோபின் அளவு பாத்தா 5.4. பிள்ளைத்தாச்சியா இல்லாத பொம்பிளைக்கு 12க்குக் குறைஞ்சாலே ரத்தச்சோகை எண்டுதான் கணக்கு. அண்டைக்கே வார்ட்டில போட்டு ரத்தம் ஏத்தினது. அவ கேட்டது "நாளைக்கு வேலைக்குப் போகலாமோ மிஸ்ஸி" எண்டு. களைப்பு, பஞ்சி, தலைச்சுத்து, நெஞ்சுப் படபடப்பு, இதெல்லாம் வயசு போகுது எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறா, உடம்பு கொஞ்சங்கொஞ்சமாக் குறையேக்க அதுக்குப் பழகிப்போடும், அதுதான் ஆபத்து.

இனி கிளினிக்கில என்ன நடக்கும் எண்டு சொல்லுறன், தெரிஞ்சா பாதிப் பயம் போயிடும். முதல்ல கதைதான். கடைசியா எப்ப வந்தது, எத்தினை நாள், எத்தினை பாட், எத்தினை பிள்ளை, சிசேரியனோ, என்ன குடும்பக்கட்டுப்பாடு, பிரஷர் சீனி இருக்கோ, வீட்டில ஆருக்கும் புற்றுநோய் வந்ததோ. அதால இண்டைக்கே ஒரு சின்னக் கொப்பி எடுத்து வந்த திகதி, நிண்ட திகதி, நாளுக்கு எத்தினை பாட் எண்டு எழுதத் தொடங்குங்கோ. "கனக்கப் போகுது டொக்டர்" எண்டு சொல்லுறதுக்கும் "ரெண்டாம் நாள் ஒன்பது பாட்" எண்டு சொல்லுறதுக்கும் கனக்க வித்தியாசம், டொக்டர் பேனையை வச்சுப்போட்டு நிமிந்து பாக்கிறதை நான் கண்டிருக்கிறன்.

பிள்ளை தங்காம இருக்கக் கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற லூப் போட்டிருந்தா அதைக் கட்டாயம் சொல்லுங்கோ. கொப்பர் லூப் நல்ல முறைதான், ஆனா சிலருக்கு ரத்தப்போக்கைக் கூட்டும். கையில தோலுக்குக் கீழ வைக்கிற ஜடெல் எண்ட கருத்தடைக் குச்சி போட்டவைக்கு நாள் தவறித் தவறி வரும். காரணம் அதாவே இருந்தா மாத்தினாலே சரி வந்திடும்.

ஆம்பிளை டொக்டர் எண்ட விசயம். ஓம், பலபேர் ஆம்பிளையள்தான். ஆனா உள்ளால சோதிக்கேக்க ஒரு பொம்பிளை, நானோ என்னை மாதிரி இன்னொரு மிஸ்ஸியோ கட்டாயம் பக்கத்தில நிப்பம், திரை இழுத்திருக்கும், இடுப்புக்குக் கீழ துணி போட்டு மூடித்தான் இருக்கும். முதல் சலம் போயிட்டு வரச் சொல்லுவம், முழங்காலை மடிச்சுப் படுக்க வேணும், வாத்துச் சொண்டு மாதிரி ஒரு கருவியால கர்ப்பப்பை வாயைப் பாப்பார், பிறகு கையுறை போட்ட விரலால கர்ப்பப்பை எவ்வளவு பெரிசு எண்டு பாப்பார். கொஞ்ச நேரம்தான். மூச்சை வாயால விட்டு காலைத் தளத்தினா நோ குறைவு, இறுக்கினாத்தான் நோகும். வேண்டாம், நிப்பாட்டுங்கோ எண்டு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. பொம்பிளை டொக்டர்தான் வேணும் எண்டாலும் வெக்கப்படாமக் கேளுங்கோ, இருந்தா மாத்தி விடுவம்.

பிறகு ரத்தம், சலம், ஸ்கான். சலத்தில பிள்ளை தங்கியிருக்கோ எண்டும் பாப்பினம், "எனக்கென்னத்துக்கு இந்த வயசில" எண்டு கோவிக்கவேண்டாம், அது எல்லாருக்கும் செய்யிறது. 40 தாண்டினவைக்கு, தேவையெண்டா, ஒரு மெல்லிய குழாயை உள்ளுக்கு விட்டு கர்ப்பப்பையின்ர உள்தோலில கொஞ்சம் எடுத்துச் சோதிக்க அனுப்புவினம், அதின்ர பேர் பிப்பெல். மயக்கித்தான் எடுக்க வேணும் எண்டா டிஎன்சி, சனம் கழுவுறது எண்டு சொல்லுறது. அது வருத்தத்தைக் கழுவி விடுறதுக்கு இல்லை, உள்ளுக்குப் பிழையான வளர்ச்சி ஏதும் இருக்கோ எண்டு பாக்கத்தான்.

உங்கட வயசில கனபேருக்கு ஸ்கானில வாறது ஃபைப்ரொயிட், கர்ப்பப்பைத் தசையில வாற கட்டி. கட்டி எண்டவுடன புற்றுநோய் எண்டு நினைச்சு அழுதவை எத்தினை பேர் தெரியுமோ. ஃபைப்ரொயிட் புற்றுநோய் இல்லை, அதுக்குள்ள புற்றுநோய் இருக்கிறது மிச்சம் அரிது. டொக்டர் கொப்பியில "14 கிழமை அளவு" எண்டு எழுதினா அது பிள்ளை இல்லை, கர்ப்பப்பை அந்த மாதப் பிள்ளைத்தாச்சியின்ர அளவுக்குப் பெருத்திருக்கு எண்டதுதான் கருத்து. பெரிய கட்டிதான் கனக்க ரத்தம் வர வைக்கும் எண்டும் இல்லை, வெளிப்பக்கம் இருக்கிற பெரிய கட்டி சும்மா இருக்கும், உள்பக்கம் தள்ளிக்கொண்டு நிக்கிற சின்னன் ஒண்டு ஆளைப் படுத்தி எடுக்கும். மாதவிலக்கு நிண்டாப் பிறகு கட்டியள் சுருங்கும், அதால 48, 49 வயசுக்காரருக்கு டொக்டர் கொஞ்சம் பொறுத்துப் பாப்பம் எண்டு சொல்லுறது கவலையீனம் இல்லை. சிலருக்குக் கட்டியே இருக்காது, ஹோர்மோன் குழம்பினதாலயோ தைரொயிட்டாலயோ வரும்.

மருந்தைக் கேட்டா, ட்ரனெக்சாமிக் அசிட் எண்ட குளிசை இருக்கு, ரத்தம் போற நாளில மட்டும் ரெண்டு ரெண்டா மூண்டு நேரம், கிட்டத்தட்ட பாதியாக் குறைக்கும். காலில ரத்தம் உறைஞ்ச வருத்தம் முந்தி வந்தவைக்கு அது சரிவராது, அதால பார்மசியில நீங்களா வாங்கவேண்டாம். நோவும் சேந்து இருந்தா மெஃபனமிக் அசிட் குடுப்பினம், சாப்பிட்டுப்போட்டுத்தான் போட வேணும். நோரெதிஸ்டரோன் மாதிரி ஹோர்மோன் குளிசையும் இருக்கு, மிட்வைஃப் போடுற டெப்போ ஊசியும் சிலருக்கு உதவும். ஹோர்மோன் உள்ள லூப், மிரேனா எண்டு சொல்லுறது, ரத்தப்போக்குக்கு நல்லா வேலை செய்யும், ஆனா விலை கூட, எல்லா இடத்திலயும் எல்லா நேரமும் கிடையாது. கேட்டுப் பாருங்கோ, கேக்காமல் விடவேண்டாம்.

கர்ப்பப்பை எடுக்கிற கதை வாறது இதெல்லாம் சரிவராட்டி, அல்லது கட்டி மிச்சம் பெரிசெண்டா, அல்லது சோதனையில பிழை வந்தா. அப்பவும் நீங்கள் கையெழுத்து வைக்காம ஆரும் எடுக்க ஏலாது. ஏன் எடுக்க வேணும், வேற வழி என்ன, சூலகத்தை விடுவியளோ எண்டு மூண்டு கேள்வியையும் கேளுங்கோ. உங்கட வயசில பெரும்பாலும் சூலகத்தை விட்டுத்தான் எடுப்பினம், அப்பிடி விட்டா ஒரேயடியா மாதவிலக்கு நிண்ட உடம்பா மாறாது. எடுத்தா ஆறு கிழமைக்காவது தண்ணிவாளி, நெல்லு மூட்டை தூக்கிறதில்லை எண்டு வீட்டாருக்கு முதலே சொல்லிப்போடுங்கோ, வன்னியில இதைச் சொல்லுறது லேசு, வீட்டில செய்ய வைக்கிறதுதான் பெரும்பாடு. நான் டிஸ்சார்ஜ் அண்டு புருசனையோ மகனையோ கூப்பிட்டு வச்சுத்தான் சொல்லுவன்.

இரும்புக் குளிசை தருவினம். அதைப் பிளேன்ரீயோட போடாதைங்கோ, தேத்தண்ணி இரும்பை ஏற விடாது, முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கோ, தேசிக்காய்த் தண்ணியோட போட்டா நல்லா ஏறும். மலம் கறுப்பாப் போகும், பயப்பிட ஒண்டுமில்லை. எச்பி ஏறின உடன நிப்பாட்டக்கூடாது, பிறகும் மூண்டு மாதம் போட வேணும். முருங்கையிலை, ஈரல், நெத்தலி எல்லாம் நல்லதுதான், ஆனா எச்பி 7 இல நிக்கிற ஆளுக்கு முருங்கையிலைச் சுண்டல் மட்டும் காணாது.

கேட்டது ரத்தப்போக்கு, எண்டாலும் வேற ரெண்டு மூண்டு சொல்லாமல் விட மனமில்லை. வெள்ளை படுறது மணமில்லாமல் கடியில்லாமல் எண்டா இயல்புதான், தயிர் மாதிரிக் கட்டியாக் கடிச்சா பங்கசு, மீன் மணம் வந்தா வேற கிருமி, ரெண்டுக்கும் மருந்து இருக்கு, டெட்டோலால உள்ளுக்குக் கழுவாதைங்கோ, அது கூட்டும். கர்ப்பப்பை கீழ இறங்கி வெளியில தட்டுப்படுற அம்மாமார் வருசக்கணக்கா ஆருக்கும் சொல்லாமல் திரியினம், அதுக்கு ஒரு வளையம் வச்சு விடலாம், அண்டைக்கே வீட்டை போகலாம். மாதவிலக்கு நிண்டு ஒரு வருசத்துக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடன காட்ட வேணும், உங்கட அம்மாவுக்கும் இதைச் சொல்லிவையுங்கோ. மகள் ஆறாம் வகுப்பெண்டா பள்ளிக்கூடத்தில எச்பிவி ஊசி போட வருவினம், 2017இல இருந்து போடுறது, ஆறு மாத இடைவெளியில ரெண்டு ஊசி, துண்டில கையெழுத்து வச்சு விடுங்கோ, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அதுதான் காப்பு. உங்களுக்கு 45 வரேக்க சுகவனிதையர் கிளினிக்கில பாப் ரெஸ்ட், அதாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பாக்கிற சோதனை இருக்கு, 35 இல செய்யாம விட்டிருந்தா இப்பவே செய்யலாம்.

எப்பிடிப் போறது எண்டா, உங்கட ஏரியா மிட்வைஃபிட்ட முதல் சொல்லுங்கோ, அல்லது கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரி ஓபிடியில துண்டு வாங்குங்கோ, உங்களுக்குக் கிட்ட முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரி. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில நெதர்லாந்து உதவியோட கட்டின பெண்களுக்கான பிரிவு 2024இல திறந்தது, பெரிய ஒப்பரேசன் ஏதும் எண்டா அங்கயும் அனுப்பக்கூடும். எல்லாம் இலவசம். காசு இருந்து அவசரமெண்டா சனல் பண்ணி, அதாவது பிரைவேட்டில காசு கட்டிக் காட்டலாம், ஆனா கடன்பட்டுச் சனல் பண்ணவேண்டாம், பெரும்பாலும் காலமை கிளினிக்கில இருக்கிற அதே டொக்டர்தான் பின்னேரம் அங்கயும் இருப்பார்.

பாவாடையோ தொளதொளத்த சட்டையோ போட்டுக்கொண்டு போங்கோ, சோதிக்க லேசு. பழைய ஸ்கான், கிளினிக் கொப்பி, போடுற குளிசை எல்லாம் ஒரு பையில. காலமைச் சாப்பாட்டை விடாதைங்கோ, வரிசையில மயங்கி விழுறவை கூட. ரத்தம் போற நாளில போகலாமோ எண்டும் கனபேர் கேக்கிறது: ஓம், போகலாம், பாப் ரெஸ்ட் மட்டும் அண்டைக்கு எடுக்க ஏலாது. ஆனா ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு பாட் நனைஞ்சு தலையும் சுத்துது எண்டா கிளினிக் நாளைப் பாத்துக்கொண்டு இருக்காதைங்கோ, ராவெண்டாலும் 1990க்கு அடிச்சு அம்புலன்சைக் கூப்பிடுங்கோ.