ஆட்களின் மனநிலை: கேட்டீர்கள், சொல்கிறேன்

திருப்பூர் பனியன் கம்பெனியில், டைலருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்குச் சேர்ந்து, டைலராகி, கடைசியில் புரொடக்‌ஷன் மேனேஜராக ஓய்வு பெற்றவன் நான். நடுவில் கம்பெனி செலவில் சாயங்கால டிப்ளமோ ஒன்றும் படித்தேன். "வேலை செய்கிறவர்களின் மனநிலை பற்றிக் கேளுங்கள்" என்று சொன்னதற்கு இவ்வளவு கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன். முதலில் வந்த கேள்வி, அதன் கீழே என் பதில்.

பவர்டேபிள் தையல் யூனிட் நடத்துகிறேன், 22 டைலர்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் திங்கட்கிழமை பாதிப்பேர் வருவதில்லை. இந்த ஆட்டிட்யூடை எப்படி மாற்றுவது?

எல்லாரும் குடி என்றுதான் ஆரம்பிப்பார்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். சம்பளத்தைப் புதன்கிழமைக்கு மாற்றிப் பார்த்தேன். இரண்டே வாரத்தில் பெண்கள் எல்லாம் கூடி வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் சந்தை, ஞாயிற்றுக்கிழமைதான் குழுக்கடன் தவணை, புதன்கிழமை காசு வந்தால் வெள்ளிக்குள் கரைந்துவிடுகிறது என்றார்கள். மறுபடி சனிக்கிழமைக்கே போனோம்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலை எட்டரைக்கே போய் லைனில் நின்று பார்த்தேன். கட்டிங் பிரிவிலிருந்து வெட்டிய துணிப் பண்டல் வந்து சேர மணி பதினொன்றரை. நூல் கலர் மாறி வந்ததால் இன்னும் அரை மணி. பீஸ் ரேட் ஆளுக்கு, அதாவது தைத்த பீஸுக்கு மட்டும் கூலி வாங்குகிறவருக்கு, சும்மா உட்கார்ந்த நேரத்துக்குக் காசு கிடையாது. மூன்று மணி நேரம் மேஷினை வெறித்துப் பார்க்க யார் வருவார்கள்? சனிக்கிழமை சாயங்காலமே திங்கட்கிழமைக்கான பண்டலைக் கட்டி, நூல், லேபிளோடு மேஷின் பக்கத்தில் வைக்க ஏற்பாடு செய்தேன். ஒரு மாதத்தில் வருகை தேறியது. குடிக்கிற நாலு பேர் அப்போதும் வரவில்லை, அது வேறு விஷயம்.

இன்னொன்று. உங்கள் யூனிட் கழிப்பறைக்கு நீங்களே ஒருமுறை போய்விட்டு வாருங்கள். ஆபீஸ் ரூமில் இருப்பதற்கு அல்ல, அவர்கள் போவதற்கு.

நல்ல ஊக்கப் பேச்சாளர் யாராவது சொல்லுங்களேன், எங்கள் ஆட்களுக்கு ஒரு நாள் நிகழ்ச்சி வைக்கலாம் என்று இருக்கிறோம்.

வேண்டாம். அந்தக் காசில் ஃபேன் வாங்கி மாட்டுங்கள். தரத்தைப் பற்றி உலகத்துக்கே பாடம் எடுத்த டெமிங்கின் 14 அம்சங்களில் ஒன்று, தொழிலாளிக்குக் கோஷமும் அறிவுரையும் எழுதி ஒட்டுவதை நிறுத்து என்பது. தப்பில் பெரும்பங்கு முறையில் இருக்கிறது, அதைத் தொழிலாளி திருத்த முடியாது என்பது அவர் கட்சி.

எனக்கு 24 வயது, புதிதாகச் சூப்பர்வைசர் ஆகியிருக்கிறேன். லைனில் எல்லாரும் என்னைவிடப் பெரியவர்கள். ஒரு அக்கா நான் சொல்வதைக் காதிலேயே வாங்குவதில்லை.

தம்பி, அந்த அக்காவிடம் போய், "இந்த ஆபரேஷனில் எங்கே சிக்குது அக்கா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, சொன்னதில் ஒன்றையாவது அன்றைக்கே சரி செய்யுங்கள். தப்பு இருந்தால் பீஸை எடுத்துக்கொண்டு தனியாகக் கூப்பிட்டுக் காட்டுங்கள். லைன் நடுவில் பீஸைத் தூக்கி வீசுகிற பழக்கம் உங்கள் மேலே இருப்பவருக்கு இருக்கலாம், அதை மட்டும் கற்றுக்கொள்ளாதீர்கள். ஒரு கம்பெனியில் என் மூஞ்சியில் வந்து விழுந்த பனியன் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எம்பிஏ படிக்கிறேன். ஹாதார்ன் ஆய்வு நம் ஊருக்குப் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் நீங்கள் பரீட்சையில் எழுதப்போகும் பாதி அல்ல. சிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் ஆலை. 1924-ல் தொடங்கி, வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி ஏறுகிறதா என்று பார்த்தார்கள். கூட்டினாலும் ஏறியது, குறைத்தபோதும் இறங்கவில்லை. பிறகு ஒரு சின்ன அறையில் சில பெண்களை வைத்து டெலிபோனுக்கான ரிலே என்ற பாகத்தைப் பூட்டச் சொல்லி, இடைவேளை கொடுத்து, நேரத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். "கவனித்தாலே ஆட்கள் நன்றாக வேலை செய்வார்கள்" என்ற பாடத்தை இதிலிருந்துதான் எடுத்தார்கள். அந்தக் கணக்குகளைப் பின்னால் சந்தேகித்தவர்களும் உண்டு.

எனக்குப் பிடித்தது கடைசிப் பகுதி. 1931 நவம்பரிலிருந்து 1932 மே வரை 14 ஆண்களைத் தனி அறையில் வைத்துப் பார்த்தார்கள். கவனிக்கத்தான் செய்தார்கள், ஆனால் உற்பத்தி ஏறவில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களே பேசாமல் ஒரு கோடு போட்டிருந்தார்கள். தாண்டியவனுக்குப் புஜத்தில் ஒரு குத்து. அதிகம் செய்து காட்டினால் கம்பெனி ரேட்டைக் குறைக்கும், இல்லை ஆளைக் குறைக்கும் என்ற பயம்.

இதை வகுப்பில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓவர்லாக் தையல் மேஷினில் உட்கார்ந்திருந்த காலத்தில் நானே செய்ததுதான் அது. 600 பீஸ் ஓட்டக்கூடிய நாளில் 480-ல் நிறுத்திவிட்டு ஊசி மாற்றுவதுபோல் நடிப்பேன். ஏனென்றால் அதற்கு முந்தின வருடம் 600 ஓட்டிக்காட்டிய ஒருவருக்கு மாலை போட்டார்கள், அடுத்த ஆர்டரில் எல்லாருக்கும் ரேட்டைக் குறைத்தார்கள். மேனேஜரானதும் முதலாளியிடம் கேட்டு வாங்கிய முதல் வாக்குறுதி, ஒரு ஸ்டைல், அதாவது ஒரு மாடல், தைத்து முடியும்வரை ரேட்டில் கை வைக்கக்கூடாது என்பது. வாங்க எட்டு மாதம் ஆனது.

ஜவுளிக்கடையில் நிற்கிறேன். பதினொரு மணி நேரம். உட்கார்ந்தால் "சோம்பேறி" என்கிறார்கள்.

தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை 2021-ல் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கேரளா 2018-லேயே செய்தது. நாலைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள் அம்மா, தனியாகக் கேட்காதீர்கள்.

ஐடி டீம் லீடர். அப்ரைசலுக்குப் பிறகு டீம் சோர்ந்துவிட்டது.

என் துறை இல்லை. உங்கள் ஊரில் இதற்குப் படித்தவர்கள் நிறைய இருப்பார்கள்.

எங்கள் ஸ்பின்னிங் மில்லுக்கு ஒரு மோட்டிவேஷன் ஸ்பீக்கர்...

மேலே பாருங்கள்.

60 பேர் வேலை செய்கிறார்கள். சாயங்கால டீக்கு 15 நிமிடம் விட்டால் அரை மணி ஆகிறது, எல்லாரும் பேக்கரிக்குப் போய்விடுகிறார்கள். டீயை மேஷினுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடலாமா?

கூடாது. நாள் முழுக்கக் குனிந்து தைப்பவர் கால் நீட்டி, வெயிலைப் பார்த்து, இரண்டு வார்த்தை பேசுகிற நேரம் அது ஒன்றுதான். அதைப் பிடுங்கினால் ஆறு மணிக்கு மேல் ஆல்டரேஷன், அதாவது பிரித்துத் திருத்த வேண்டிய பீஸ், ஏறும். வெள்ளைத் துணி மேல் டீ சிந்தினால் அது தனிக் கணக்கு.

(இதற்கு வந்த மறுமொழிகளையும் சேர்த்திருக்கிறேன்.)

செக்கிங் பிரிவுப் பெண் ஒருவர்: அண்ணா, பேக்கரி பேக்கரி என்கிறீர்களே, அது ஆம்பளைகளுக்கு. சிகரெட் புகைக்குள் நாங்கள் எங்கே போய் நிற்பது? எங்களுக்கு உள்ளே டீ வந்தால் நல்லதுதான்.

நீங்கள் சொல்வது சரி. இவ்வளவு வருடத்தில் இதை யோசித்ததே இல்லை. அப்படியானால் மேஷினுக்கு அல்ல, மரத்தடியிலோ ஷெட்டிலோ பெஞ்ச் போட்டு, டீயும் பன்னும் அங்கே வரட்டும். பேக்கரிக்குப் போகிறவர் போகட்டும்.

வேறொரு முதலாளி: டீ பிரச்சினையே இல்லை. வெளியே போனால் பக்கத்து கம்பெனி ஆட்களிடம் ரேட் கேட்டு வருகிறார்கள், மறுநாள் முகம் மாறிவிடுகிறது.

இப்போதுதான் விஷயம் வெளியே வருகிறது! ஐயா, உங்கள் ரேட் சரியாக இருந்தால் பேக்கரி பேச்சுக்கு ஏன் பயப்பட வேண்டும்? செல்போன் இல்லாத காலத்திலேயே ரேட்டை மறைக்க முடியவில்லை.

அதே முதலாளி: பக்கத்து கம்பெனி ஒரு வாரம் கூடக் கொடுப்பான், அடுத்த மாதம் வேலையே இருக்காது. எங்களிடம் வருடம் முழுக்க வேலை. அது அவர்களுக்குப் புரியவில்லை.

நியாயம்தான். அதை அவர்களிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா? கையில் இருக்கும் ஆர்டர் எத்தனை வாரத்துக்கு வரும் என்று போர்டில் எழுதிப் போடுங்கள். நாங்கள் எழுதிப் போட்டோம். ஆர்டர் குறைந்த மாதத்தில் அந்த போர்டை அழிக்கச் சொல்லி முதலாளி ஆள் அனுப்பினார், நான் அழிக்கவில்லை. அந்த மாதம் போனவர்கள் இரண்டே பேர்.

இந்த டீயிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது. மீதியை வேகமாகப் பார்க்கிறேன்.

தீபாவளிக்குப் போனஸுக்குப் பதில் ஹாட்பாக்ஸும் ஸ்வீட்டும் நல்லதாகக் கொடுத்தால் சந்தோஷப்படுவார்களா?

பதிலாக என்றால் மாட்டார்கள். 1965 போனஸ் சட்டம் சொன்ன குறைந்தபட்சமே 8.33 சதவீதம், அது நஷ்டக் கணக்கு காட்டினாலும் உண்டு. ஹாட்பாக்ஸ் அதற்கு மேலே.

ஷிப்மென்ட் சமயத்தில் ராத்திரி நிற்கச் சொன்னால் முறைக்கிறார்கள்.

எத்தனை மணிக்குச் சொல்கிறீர்கள்? ஏழரைக்குச் சொன்னால் நானும் முறைப்பேன். கன்டெய்னர் தேதி உங்களுக்கு ஒரு வாரம் முன்பே தெரியும். மத்தியானத்துக்குள் சொன்னால் வீட்டில் குழந்தைக்கு ஏற்பாடு செய்துகொண்டு நிற்பார்கள். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. வீட்டில் கொண்டுபோய் விட வேனும் வேண்டும். அப்புறம், கழிப்பறையில் ராத்திரி லைட் எரிகிறதா?

ஆயுத பூஜைக்கு ஆட்களுக்காக ஒரு தன்னம்பிக்கைப் பேச்சு ஏற்பாடு செய்யலாமா?

பொரியும் சுண்டலும் கொடுத்து, மேஷினுக்குப் பொட்டு வைத்து, மூன்று மணிக்கு வீட்டுக்கு அனுப்புங்கள்.