பஸ் போர்டு படிக்கும் பேரன்

வணக்கம் ஐயா,

வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர். பேரனுக்கு ஐந்து வயது. பஸ் போர்டு, கடைப் பலகை எல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். ஆங்கிலச் சொல்லுக்கும் ஸ்பெல்லிங் சொல்கிறான். பள்ளியில் ஸ்பெல்லிங் போட்டிக்கான வகுப்பில் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா? வீட்டில் என்ன செய்யலாம்?

– ஒரு தாத்தா

அன்புள்ள ஐயா,

இப்போது வேண்டாம். இந்த வயதில் பட்டியலை ஒப்பிக்க வைத்தால் ஆசை போய்விடும். 1925இல் அமெரிக்காவில் தொடங்கிய தேசிய ஸ்பெல்லிங் போட்டியிலேயே, சொல்லின் பொருள் என்ன, எந்த மொழியிலிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்கலாம். சொல் எப்படி உருவானது என்று தெரிந்தவனுக்குத்தான் அந்தக் கேள்வி உதவும். உங்கள் பேரனுக்கும் அதைத்தான் பழக்க வேண்டும்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சிறு அட்டைகளாக வெட்டுங்கள். உயிரெழுத்து 12, க முதல் ன வரை 18 எழுத்தும் இரண்டிரண்டு. துணைக்கால் (ா), ஒற்றைக்கொம்பு (ெ), இரட்டைக்கொம்பு (ே), சங்கிலிக்கொம்பு (ை) தனித்தனி அட்டைகளில். புள்ளிக்குப் புளியங்கொட்டை போதும். கு, சு, மு எல்லாம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைவதால் உகர வரிசையைப் பிரிக்காமல் முழு எழுத்தாகவே எழுதுங்கள். இகர வரிசையும் அப்படியே. பிள்ளைகள் தடுமாறுவது கெ, கே, கை போன்றவற்றின் கொம்பில். கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, காதுக்கு முதலில் கேட்பது 'க்'. ஆகவே 'க' அட்டையை முதலில் வைத்துவிட்டு, கொம்பை அதற்கு இடப்பக்கம் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ண, ந, ன குழப்பத்துக்குக் காதை நம்பிப் பயனில்லை. அடுத்த எழுத்தைப் பார்க்க வேண்டும். ட-வுக்கு முன் ண், த-வுக்கு முன் ந், ற-வுக்கு முன் ன்: வண்டி, பந்து, கன்று. ர இரட்டிக்காது என்பதால் காற்று, நாற்று எல்லாவற்றிலும் ற்ற தான். விதியாகச் சொல்லாதீர்கள். ஒரே மாதிரியான நாலைந்து சொற்களை வரிசையாக அடுக்கினால் அவனே கண்டுபிடிப்பான்.

உங்கள் பக்கத்து ஆறுகளே நல்ல பாடம். அரசலாறு, வெண்ணாறு, வெட்டாறு மூன்றிலிருந்தும் 'ஆறு' அட்டைகளை எடுக்கச் சொல்லுங்கள். அரசல் அப்படியே நிற்கும். வெண் என்பதில் ண் இரட்டித்திருக்கும். வெட்டு என்பதில் கடைசி உகரம் காணாமல் போயிருக்கும். மூன்று ஆற்றில் மூன்று விதப் புணர்ச்சி, அதாவது சொல்லோடு சொல் சேரும் விதம்! இலக்கணப் பெயர்கள் பிறகு வரட்டும்.

தினம் பத்து நிமிடம், புதிதாக ஐந்து சொல், அதற்கு மேல் வேண்டாம். தவறிய சொல்லை மறுநாளும் மூன்று நாள் கழித்தும் கேளுங்கள். எழுதச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். காது ஓடும் வேகத்துக்கு ஐந்து வயது விரல் வராது. ஆங்கிலத்தை வேறு நேரத்தில் வையுங்கள். அதில் எழுத்தின் பெயரை விட ஒலி முக்கியம்: சி, ஏ, டி என்று எத்தனை முறை சொன்னாலும் 'கேட்' (cat) என்று கேட்காது. விருந்தாளி வந்தால் "சொல்லு பாப்போம்" என்று நிறுத்தி வைக்காதீர்கள். தப்பு வருமோ என்று பயந்து, தெரிந்த சொல்லையே சொல்லிக்கொண்டிருப்பான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சரளமாகப் படித்தும் பொருள் புரியாமலோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமலோ, பேச்சுக்குப் பேச்சு பதில் வராமலோ இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அதெல்லாம் இல்லையென்றால் அட்டைகளை வெட்ட ஆரம்பிக்கலாம்.