கெட்டமின் சிகிச்சைக்கு எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. சில வருடங்களாகத் தீராத மனச்சோர்வு. மூன்று வகை மாத்திரைகள் மாற்றியும் பெரிய முன்னேற்றம் இல்லை. அவனைப் பார்க்கும் மனநல மருத்துவர், கெட்டமின் என்ற மயக்க மருந்தை டிரிப்பாகப் போட்டுப் பார்க்கலாம் என்கிறார். ஆறு தடவைக்கும் மொத்தமாக முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு என்கிறது சிகிச்சை மையம். காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிட்டது. தம்பிக்கு இப்போது வேலை இல்லை, செலவு என்னுடையது. எஃப்.டி.யை உடைக்கவா, பெர்சனல் லோன் எடுக்கவா?

பதில்: இரண்டில் எது என்பதை அப்புறம் பார்ப்போம். அதற்கு முன் தொகையைச் சரியாகக் கணக்கிட வேண்டும். ஆறு தடவைக்கான கட்டணத்தை மொத்தச் செலவாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது ஆரம்பச் செலவுதான்.

இந்தச் சிகிச்சை பொதுவாக வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று தடவை, இரண்டு மூன்று வாரங்களுக்கு நடக்கும். ஒவ்வொரு தடவையும் உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்ற அளவில், சுமார் 40 நிமிடம் நரம்பு வழியாக மருந்து ஏறும். மாத்திரைகள் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும் இடத்தில், இது சில மணி நேரத்திலேயே சிலருக்கு மனதை லேசாக்கிவிடுகிறது. ஆனால் ஒரே ஒரு டிரிப்பின் பலன் பெரும்பாலும் சில நாட்களில், அதிகம் போனால் ஓரிரு வாரங்களில் கரைந்துவிடும். தொடராகப் போடுவது அதனால்தான். தொடர் முடிந்த பிறகும் பலருக்கு அவ்வப்போது ஒரு டிரிப் தேவைப்படுகிறது. அந்தப் பராமரிப்புச் செலவு தள்ளுபடி விளம்பரத்தில் வராது.

எல்லோருக்கும் பலிப்பதும் இல்லை. மாத்திரைகளுக்கு மசியாத மனச்சோர்வு உள்ளவர்களிடம் கெட்டமினையும் மின்னதிர்ச்சி சிகிச்சையையும் (இ.சி.டி.) ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது. மனப்பிறழ்வு அறிகுறிகள் (இல்லாத குரல் கேட்பது போன்றவை) இல்லாதவர்கள் மட்டுமே அதில் இருந்தார்கள். மூன்று வார முடிவில் கெட்டமின் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கும், இ.சி.டி. பெற்றவர்களில் 41 சதவீதம் பேருக்கும் நல்ல பலன் தெரிந்தது. கெட்டமினுக்கு இது நல்ல மதிப்பெண்தான். ஆனாலும் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அந்த அளவு பலன் கிடைக்கவில்லை என்பதையும் பணம் கட்டுகிறவர் பார்க்க வேண்டும்.

அதனால் ஆறுக்கும் சேர்த்து முன்பணம் கட்டாதீர்கள். முதல் இரண்டு மூன்று தடவைக்கு மட்டும் தனித்தனியாகக் கட்டுங்கள். தொடங்கும் முன் மருத்துவரிடம், “எந்த மதிப்பீட்டு வினாப்பட்டியலில் எவ்வளவு குறைந்தால் பலன் என்று சொல்வீர்கள்? எத்தனையாவது தடவைக்குப் பிறகு நிறுத்துவதைப் பற்றிப் பேசலாம்?” என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தள்ளுபடியை விட மனமில்லை என்றால், பாதியில் நிறுத்தினால் எவ்வளவு ரீஃபண்ட் என்பது ரசீதிலேயே இருக்கட்டும். வாய்வார்த்தை போதாது.

விலைப்பட்டியலைப் பிரித்துக் கேட்பதும் முக்கியம். கெட்டமின் பழைய மருந்து. அமெரிக்காவில் 1970-லேயே மயக்க மருந்தாக அனுமதி பெற்றது, காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. மருந்து மலிவுதான். நீங்கள் கொடுப்பது படுக்கைக்கும், ரத்த அழுத்தத்தையும் ஆக்சிஜனையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்களுக்கும், அவசரம் என்றால் கைகொடுக்கும் மருத்துவருக்கும். ஆகவே வழக்கத்தைவிடக் குறைவாகக் கேட்கும் இடத்தில் இந்தக் கண்காணிப்பில்தான் கைவைத்திருப்பார்கள் என்று சந்தேகப்படுங்கள். இந்த ஒரு விஷயத்தில் பேரம் பேச வேண்டாம் என்பேன்.

காப்பீட்டுக்காரர்கள் மறுப்பதற்கு வழக்கமான காரணம், மனச்சோர்வுக்கு என்று கெட்டமின் டிரிப் முறையாக அனுமதி பெறவில்லை என்பது. மருத்துவர்கள் தங்கள் பொறுப்பில் கொடுக்கிறார்கள். இதன் நெருங்கிய உறவான எஸ்கெட்டமின் மூக்கு ஸ்ப்ரே 2019-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. அது கிடைக்கும் இடங்களில் க்ளெய்ம் ஏற்கப்பட வாய்ப்பு அதிகம். எனவே மறுப்பை எழுத்தில் வாங்கி, மூன்று மருந்துகளின் பெயர், அளவு, காலம் எல்லாம் அடங்கிய மருத்துவர் கடிதத்துடன் மேல்முறையீடு செய்யுங்கள். போதிய அளவில், போதிய காலம் கொடுத்த இரண்டு மருந்துகளாவது தோற்றிருக்க வேண்டும் என்பதுதான் மாத்திரைகளுக்கு மசியாத மனச்சோர்வுக்குப் பொதுவான வரையறை. டிரிப்புக்கு மறுத்தாலும் பரிசோதனைகளுக்கும் மருத்துவர் கட்டணத்துக்கும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். அதோடு இ.சி.டி., எஸ்கெட்டமின் இரண்டுக்கும் பாலிசியில் இடம் உண்டா என்றும் விசாரியுங்கள். தம்பிக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எஃப்.டி.யை உடைக்கலாம், ஆனால் முழுவதையும் அல்ல. ஆறு மாத வீட்டுச் செலவை ஒதுக்கிவிட்டு மீதியிலிருந்து எடுங்கள். எஃப்.டி. மேல் கடன் கிடைத்தால் அது இன்னும் நல்லது: வட்டி வித்தியாசம் சிறியது, வைப்பும் கலையாது. பெர்சனல் லோன் வேண்டாம். பலன் கிடைக்குமா என்று தெரியாத சிகிச்சைக்கு, கிடைக்காவிட்டாலும் மாதாமாதம் தவணை கட்ட வேண்டியிருக்கும். ஓய்வுக்கால சேமிப்பைத் தொடவே வேண்டாம்.

பட்ஜெட்டில் போய்வரும் செலவையும் உங்கள் விடுப்பையும் சேருங்கள். சிகிச்சை நாளில் அவர் வண்டி ஓட்டக்கூடாது, கூட ஒருவர் இருந்தாக வேண்டும். அன்று எந்தப் பத்திரத்திலும் கையெழுத்து, எந்தப் பணப் பரிமாற்றமும் வேண்டாம். பிறகும் தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் கண்டபடி செலவு செய்தால், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தம்பி சாவைப் பற்றிப் பேசுகிறார் என்றால் இந்தக் கணக்கை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு இன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். பில்லைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.