மெட்ரோவில் சிலுவைப்பாதை செய்யலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். எனக்கு ஐ.டி.பி.எல். தொழில்நுட்பப் பூங்காவில் வேலை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிகளில் கோயிலுக்கு வந்து சேர்வதற்குள் சிலுவைப்பாதை பாதி முடிந்துவிடுகிறது. வீட்டில் ஜெபமாலை சொன்னால், ஒன்பதாவது படிக்கும் மகன் செல்போனை நோண்டுகிறான். இரண்டாவது படிக்கும் மகள் தூங்கிவிடுகிறாள். புதிதாக ஏதாவது வழி உண்டா?

பதில்: சகோதரி, ஜெபத்துக்கென்று தனி நேரம் தேடினால் முதல் வாரத்திலேயே விட்டுப்போகும். தினமும் எப்படியும் நடக்கிற ஒன்றோடு அதைச் சேர்த்துவிடுங்கள்.

உங்களுக்கு வாய்த்திருப்பது மெட்ரோ. ஊதாத் தடத்தில் அல்சூரில் ஏறி, ஐ.டி.பி.எல்.-க்குப் பக்கத்தில் இருக்கும் பட்டந்தூர் அக்ரஹாரத்தில் இறங்கினால், இரண்டையும் சேர்த்து 14 நிலையங்கள். இயேசு தீர்ப்பிடப்பட்டதிலிருந்து அடக்கம் செய்யப்பட்டது வரை தியானிக்கும் சிலுவைப்பாதைக்கும் 14 நிலைகள். தவக்காலத்தின் நிறமும் ஊதாதான். நம்ம மெட்ரோக்காரர்கள் இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார்கள்!

புத்தகம் வேண்டாம். கதவு மூடும்போது நிலையை மனதில் நினைத்து, ‘எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி’ என்று ஒருமுறை சொல்லுங்கள். அப்புறம் சும்மா சுற்றிப் பாருங்கள். அல்சூரில் பிலாத்து தீர்ப்பிடுகிறான். பையப்பனஹள்ளியில் இயேசு தாயைச் சந்திக்கிறார். அடுத்த நிலையத்தில் சிலுவையைச் சுமக்கச் சீமோன் தோள் கொடுக்கிறார். கே.ஆர்.புரத்தில் கூட்டம் நெருக்கியடித்து ஏறும்; அது இயேசுவின் முகத்தைத் துடைக்கும் வெரோணிக்காவின் நிலை. வாடிய முகம் ஒன்றைப் பார்த்து எழுந்து இடம் கொடுத்தால் அன்றைய ஜெபம் முடிந்த மாதிரிதான். மகனின் உடலைத் தாய் மடியில் வாங்கும் 13-ஆம் நிலை சத்ய சாய் மருத்துவமனை நிலையத்தில் வருகிறது. ரிப்போர்ட் பையோடு அங்கே இறங்குகிறவர்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். மாலையில் திரும்பும்போது ஒன்றும் செய்யாதீர்கள். களைப்போடு சொல்வது கணக்குக்குத்தான் உதவும்.

கோயிலில் எல்லோரோடும் முழந்தாளிடுவதற்கு இது ஈடாகாது. புனித வெள்ளி லீவுதானே, அன்றைக்குக் குடும்பத்தோடு போங்கள்.

பையனிடம் ஜெபமாலையைத் திணிக்காதீர்கள். இந்த வயதில் எதையும் சந்தேகப்படப் பிடிக்கும். 14 நிலைகளையும் எழுதிக் கொடுத்து, எவை நற்செய்தி நூல்களில் இருக்கின்றன என்று தேடச் சொல்லுங்கள். இயேசு மூன்று முறை விழுவதும் வெரோணிக்காவும் அங்கே இல்லை, மரபில் வந்தவை. 1991 புனித வெள்ளியன்று ரோமின் கொலோசியத்தில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், விவிலியத்தில் உள்ள நிகழ்ச்சிகளை மட்டும் வைத்து 14 நிலைகள் நடத்தினார். அது கெத்சமனியில் தொடங்கும். இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுச் சிலுவைப்பாதையை அவனே நடத்தட்டும். ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு) 18 வயதிலிருந்துதான். ஆனால் 14 வயது முடிந்திருந்தால் வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்ப்பது, அவனுக்கும் உண்டு. மிச்சமாகும் சிக்கன் காசை யாருக்குக் கொடுப்பது என்று அவனே முடிவு செய்யட்டும். நீங்கள் தலையிடாதீர்கள்.

சின்னவளுக்குச் சார்ட் தாளில் 46 கட்டங்கள் போட்டுக் கொடுங்கள். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய புனித சனி வரை அத்தனை நாட்கள். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் தவக்காலத்தின் 40 நாள் கணக்கு வரும். தூங்கப் போகும் முன் ஒரு கட்டத்தில் ஒரு பெயரை எழுதி, அவருக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னால் போதும். ஸ்கூல் வேன் டிரைவர், வாட்ச்மேன், சண்டை போட்ட தோழி, யாராகவும் இருக்கலாம். பிறகு ஊதாவில் தீட்டட்டும். ஞாயிறுக் கட்டங்களுக்கு மஞ்சள். அன்று பெயர் வேண்டாம், படம் வரையட்டும்.

மூன்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். மெட்ரோ முதலில் பழகட்டும், பையனுடையதை இரண்டாம் வாரத்தில் எடுக்கலாம். சார்ட் மட்டும் திருநீற்றுப் புதனுக்கு முன்பே சுவரில் இருக்க வேண்டும்.